வடியும் வெள்ளமும் வாய் பிளக்கும் மீனும்



வெள்ளம் வந்தால் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை மாடு போனது, எத்தனை ஏக்கர் நெல் மூழ்கியது என்று கணக்கெடுக்கிறோம். மீனை யாரும் எண்ணுவதில்லை. தண்ணீரிலேயே வாழ்கிற உயிருக்குத் தண்ணீர் கூடினால் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்பது நம் நினைப்பு. அந்த நினைப்பில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தூரத்து ஊர் ஒன்றிலிருந்து தொடங்கி நம் ஊருக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கே, டார்லிங் ஆற்றங்கரையில், மெனிண்டி என்றொரு சிற்றூர். ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம். 2023 மார்ச் 17ஆம் தேதி அந்த ஊர்க்காரர்கள் பார்த்தபோது ஆற்றில் தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை வெள்ளை வெளேரென்று செத்த மீன். அரசின் மதிப்பீடு இரண்டு கோடியிலிருந்து மூன்று கோடி மீன்கள். பெரும்பகுதி 'போனி ஹெர்ரிங்' என்ற மீன். ஒரு காலத்தில் நம் காவிரியில் ஏறிய உல்லத்துக்கு உறவு. எந்த ஆலையும் அங்கே விஷத்தைத் திறந்துவிடவில்லை. யாரும் வெடி வைக்கவில்லை. ஆறு வறண்டும் போகவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஆற்றுப்படுகை முழுவதும் பெருவெள்ளம் பாய்ந்திருந்தது. வெள்ளம் வந்தபோது மீன் சாகவில்லை. வடியும்போது செத்தது.

இதே மெனிண்டியில் 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. அப்போது கடும் வறட்சி. ஓட்டமில்லாத மடுக்களில் பாசி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. திடீரென்று காற்று குளிர்ந்ததும், அடியில் கிடந்த ஆக்சிஜன் இல்லாத நீர் மேல்நீரோடு கலந்துவிட்டது. நாலே வருட இடைவெளியில் ஒரே இடத்தில் வறட்சியும் மீனைக் கொன்றது, வெள்ளமும் கொன்றது. காரணம் எதிரும் புதிருமாகத் தோன்றினாலும் மீன் செத்தது ஒரே விதத்தில்தான். மூச்சுக்குக் காற்று கிடைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல ஆற்றுநீரில் நிறைய நிறையக் கரைந்தாலும் ஏழரை மில்லிகிராம்தான். இந்தச் சொற்ப இருப்பை வைத்துக்கொண்டுதான் மீன் காலம் தள்ளுகிறது. நீர் குளிர்ந்தால் இருப்பு கூடும். 20 டிகிரியில் ஒன்பது மில்லிகிராம் வரை கரையும். நாலுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறும். இரண்டுக்குக் கீழே போனால் பல இனங்கள் சில மணி நேரத்தில் செத்துப்போகும். நம் மீனவர்கள் "மீன் மேலே வந்து வாயைப் பிளக்குது" என்பார்களே, அது அந்த இடைப்பட்ட நிலை. மேற்பரப்பில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதைத்தான் மீன் உறிஞ்சப் பார்க்கிறது.

இதை எப்படி அளப்பது? இன்றைக்குக் கையடக்கக் கருவி இருக்கிறது. முனையைத் தண்ணீரில் விட்டால் எண் தெரியும். ஆனால் மாணவர்கள் ஒரு தடவையாவது பழைய முறையில் செய்து பார்க்க வேண்டும் என்பேன். 1888இல் வின்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர், புடாபெஸ்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த முறை. கண்ணாடி மூடி போட்ட புட்டியில், குமிழி ஒன்றுகூட உள்ளே சிக்காமல் ஆற்றுநீரை நிரப்ப வேண்டும். பிப்பெட்டின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி மாங்கனீஸ் சல்ஃபேட்டை விட வேண்டும்; அடுத்து கார அயோடைடு. மூடியைப் போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளே திரி திரியாகப் படிவு இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் படிவு பழுப்பு. இல்லையென்றால் பால்வெள்ளை. மிச்சக் கணக்கையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து அமிலம் விட்டு, தயோசல்ஃபேட் விட்டுச் செய்துகொள்ளலாம். மீன் பிழைக்குமா பிழைக்காதா என்பது அந்த நிறத்திலேயே தெரிந்துவிடும். சாக்கடை கலக்கும் ஆறு ஒன்றின் கரையில் நின்று அந்த வெள்ளைப் படிவைப் பார்த்த மாணவருக்கு நீர் மாசு பற்றி நான் வேறு பாடம் நடத்த வேண்டியதில்லை.

சரி, வெள்ளம் எப்படி ஆக்சிஜனைப் பறிக்கிறது? நுரை பொங்கிப் புரண்டு வருகிற வெள்ளத்தில் காற்று நன்றாகக் கலக்கத்தானே வேண்டும்? கலக்கிறது. பிரச்சினை அது கரையேறிப் பரவிய பிறகு தொடங்குகிறது. டார்லிங், மர்ரே ஆறுகளின் கரையெங்கும் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரக்காடு. (நாம் தைல மரம் என்று ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறோமே, அதில் இந்த இனமும் உண்டு.) அதன் இலைச் சருகு தரையில் மெத்தை மெத்தையாகக் கிடக்கும். வெள்ளம் அதன்மேல் நின்றவுடன், கொதிநீரில் தேயிலை சாயம் இறங்குவதுபோல இலையின் சாறு இறங்குகிறது. முதல் ஓரிரு நாளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். தண்ணீர் கறுத்துப்போகும். ஆஸ்திரேலியர்கள் அதைக் கறுப்பு நீர் என்றே அழைக்கிறார்கள். நீரில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சாறு விருந்து. அவை தின்று பெருகும்போது ஆக்சிஜனையும் சேர்த்தே தின்றுவிடுகின்றன. வெயில் கூடினால் அவற்றின் வேகமும் கூடும். பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே வெயிலில் நீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜனோ குறையும். செலவு கூடுகிற நேரத்தில் வரவு குறைகிறது. குளிர்காலத்தில் ஒன்றும் செய்யாத அதே வெள்ளம் கோடையில் கொல்வது இதனால்தான்.

2010-11இல் இது பெரிய அளவில் நடந்தது. பத்தாண்டுக்கும் மேலாக நீடித்த வறட்சி முடிந்து, வெயில் காலத்தில் வெள்ளம் வந்தது. மர்ரே-டார்லிங் படுகையில் 2,000 கிலோமீட்டருக்கும் மேலான ஆற்று நீளம் மாதக்கணக்கில் மூச்சுமுட்டிக் கிடந்தது. மர்ரே நன்னீர்க் கல்லிறால்கள் தண்ணீரை விட்டு வெளியேறிக் கரையிலும் மரத்தடியிலும் ஏறி நின்றன. நீரில் வாழ்கிற ஓர் உயிர் நீருக்கு அஞ்சித் தரைக்கு வருகிறது என்றால் உள்ளே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அந்த ஆண்டு ஏன் அவ்வளவு மோசம்? இடையில் வந்திருக்க வேண்டிய சிறு வெள்ளங்கள் வரவில்லை. வறட்சி ஒரு காரணம். அணைகளும் பாசன எடுப்பும் இன்னொரு காரணம். முன்பெல்லாம் அடிக்கடி கரையேறிய சிறு வெள்ளம் சருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும். அந்தச் சாறு அளவோடு சேரும்போது ஆற்றுக்கு உணவும் ஆகும். பத்து வருடச் சருகு ஒரே நாளில் நனைந்தபோது உணவே நஞ்சாயிற்று. ஆகவே வெள்ளம் மீனைக் கொன்றது என்று சொல்வதைவிட, முன்பே வந்திருக்க வேண்டிய வெள்ளங்கள் வராததால் மீன் செத்தது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆற்று மீனை உண்டாக்கியதே வெள்ளம்தான். புதுவெள்ளம் இறங்கியதும் வயல் வரப்பையும் வாய்க்காலையும் எதிர்த்து ஏறும் கெண்டையையும் கெளுத்தியையும் இங்கே ஊத்தாவும் பத்தக்கட்டையும் வைத்துப் பிடித்தவர்கள் பலர் இருப்பீர்கள். அது விளையாட்டுக்கு ஏறுவதில்லை, முட்டையிட ஏறுகிறது. கரையேறிப் பரவிய நீரில்தான் குஞ்சுக்குத் தீனி, மறைவிடம் இரண்டும் கிடைக்கும். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வெள்ளத்தில்தான் இனம் பெருக்கும்; குளத்து நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி கட்டாக்கில் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைக்கும்வரை, இந்த நாட்டின் மீன் வளர்ப்பு முழுவதும் வெள்ள காலத்தில் ஆற்றோரம் வலை கட்டி அள்ளிய குஞ்சை நம்பித்தான் நடந்தது. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். கம்போடியாவின் தோன்லே சாப் ஏரி கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மேகாங் வெள்ளம் திரும்பிப் பாய்ந்ததும் அதுவே ஐந்தாறு மடங்காக விரியும். அந்த நாட்டு மக்களின் தட்டில் விழும் மீன் அந்த விரிவில் விளைந்தது. நம் காவிரியில் 1934இல் மேட்டூர் அணை வந்து வெள்ளம் அடங்கிய பிறகு உல்லம் ஏறுவது குறைந்து, பிறகு பேச்சாகவே போய்விட்டது. வெள்ளத்தைத் தடுத்ததால் இழந்த மீனுக்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் இடமில்லை.

மெனிண்டியில் 2022 வெள்ளமும் அப்படித்தான் முதலில் மீனுக்கு வாழ்வு கொடுத்தது. சமவெளியெங்கும் நீர் பரவ, போனி ஹெர்ரிங் கணக்கற்றுப் பெருகியது. நீர் வடியத் தொடங்கியதும் அத்தனை மீனும் ஒடுங்கிய ஆற்றுக்குள் திரும்பின. மேலே போக முடியாமல் தடுப்பணை. சமவெளியிலிருந்து வடிந்து வந்ததோ இலைச்சாறும் அழுகலும் கலந்த நீர். வெயில் 40 டிகிரியை ஒட்டி நின்றது. கூட்டம் அதிகம், காற்று குறைவு, ஓடிப்போக வழியில்லை. மாநிலத்தின் தலைமை விஞ்ஞானி ஹியூ டுரண்ட்-வைட் தலைமையில் ஆராய்ந்து அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உடனடிக் காரணம் ஆக்சிஜன் குறைவு என்றது. அதோடு நிறுத்தாமல், இது பல ஆண்டுகளாக அந்த ஆறு சீரழிந்துவந்ததன் அறிகுறி என்றும் சொன்னது. அரசு ஒன்றின் தலைமை விஞ்ஞானி அந்த அரசின் நீர் நிர்வாகத்தைப் பற்றியே அப்படி எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி நமக்கு அருகில் வருவோம். கேரளத்தில் கொச்சிக்கு வடக்கே பெரியாற்றின் கடைமடையில் ஏலூர், எடையார் என்ற தொழிற்பேட்டைகள். இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள். அங்கே கடல் உப்பு ஏறாமலிருக்க பாதாளம் என்ற இடத்தில் ஷட்டர் வைத்த தடுப்பு இருக்கிறது. 2024 மே 20 இரவு, கோடை மழையில் நீர் ஏறியதும் ஷட்டரைத் திறந்தார்கள். விடிந்தபோது கீழே பல கிலோமீட்டருக்கு மீன் செத்து மிதந்தது. ஆற்று மீன் மட்டுமல்ல. கடன் வாங்கிக் கூண்டு கட்டிக் கரிமீனும் கொடுவாவும் வளர்த்தவர்களின் கூண்டுகளும் மொத்தமாகப் போயின. ஆத்திரமடைந்த மக்கள் செத்த மீனைக் கொண்டுபோய் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலகத்தில் கொட்டினார்கள்.

அதன்பின் நடந்த வாதம்தான் நம் பாடத்துக்கு முக்கியம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஷட்டரைத் திறந்ததால் ஆக்சிஜன் குறைந்த நீர் கீழே வந்தது, அதுதான் காரணம் என்றது. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் குழு, மீனைக் கொல்லும் அளவுக்கு அம்மோனியாவும் சல்ஃபைடும் இருந்தன என்றது. பத்திரிகைகள் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தின. என் பார்வையில் இவை எதிரெதிர் விளக்கங்களே அல்ல. மாதக்கணக்கில் ஷட்டருக்குப் பின்னால் தேங்கிய நீரின் அடியில் கழிவும் சேறும் சேர்ந்தால் முதலில் ஆக்சிஜன் தீரும். அது தீர்ந்த இடத்தில்தான் வேறு வகைப் பாக்டீரியா சல்ஃபேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அது. அழுகல் புரதம் அம்மோனியாவாகும். மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை. கலக்காமல் கிடந்தவரை மேல்நீரில் மீன் பிழைத்தது. ஷட்டரைத் திடுமெனத் தூக்கியதும் அடிநீரும் சேறும் கிளம்பி ஒரே வீச்சில் கீழே போயின. ஷட்டரைத் திறந்தவர்தான் குற்றவாளி என்பது, பள்ளத்தில் விழுந்தவனைப் பார்த்து நீ ஏன் நடந்தாய் என்று கேட்கும் கதை. அடியில் என்ன சேர்ந்தது, யார் சேர்த்தது என்ற கேள்விக்குப் பதில் வராதவரை அடுத்த மழைக்கும் அதே ஷட்டர் இருக்கிறது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு கைவேலை சொல்லித் தருகிறேன். செத்த மீனையே படிக்கலாம். ஆக்சிஜன் குறைந்து செத்திருந்தால் பொதுவாக விடியற்காலையில் நிகழும். இரவெல்லாம் பாசியும் சுவாசித்து இருப்பைக் கரைத்துவிட, விடிவதற்கு முன்புதான் அளவு அடிமட்டத்தில் நிற்கும். பெரிய மீன் முதலில் போகும். வாய் பிளந்திருக்கும், செவுள் மூடி விரிந்திருக்கும். காற்றை நேராகச் சுவாசிக்கத் தெரிந்த விராலும் பனையேறியும் பக்கத்திலேயே உயிரோடு இருக்கும். அப்படியில்லாமல் நட்ட நடுப்பகலில், சிறிசு பெரிசு பார்க்காமல், விரால்கூடச் செத்துக் கிடந்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். செவுளில் சேறும் கோழையும் அப்பியிருந்தால் கலங்கல் நீரும் தன் பங்கைச் செய்திருக்கிறது என்று பொருள். ஆனால் இந்தச் சாட்சியெல்லாம் சில மணி நேரம்தான் நிற்கும். அதிகாரிகள் ஜீப்பில் வந்து சேரும்போது ஆறு கழுவிக்கொண்டு போயிருக்கும். அதனால் கரையில் முதலில் நிற்பவர் ஒரு புட்டி தண்ணீரையும் இரண்டு மீனையும் ஐஸில் வைத்தாலே பெரிய உபகாரம். செத்த மீனைச் சமைத்தால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. எதனால் செத்தது என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே வேண்டாம்.

வெள்ளத்தில் உடனே சாகாத மீன் தப்பித்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். எண்பதுகளின் இறுதியில் வங்கதேசம், அசாம் வழியாக வந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியாவை அடைந்த புண் நோய் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விரால் உடம்பில் செக்கச்செவேலென்று ஆழப் புண். 1991இல் கேரளத்தின் குட்டநாட்டில் அது பரவியபோது மக்கள் மீன் வாங்கவே அஞ்சினார்கள். அஃபானோமைசிஸ் என்ற, பூஞ்சையை ஒத்த நீர்வாழ் உயிரி செய்யும் வேலை அது. மீனின் தோலும் கோழைப் படலமும் முழுசாக இருந்தால் அதனால் எளிதில் நுழைய முடியாது. தோலைக் கெடுத்து வழி திறந்துவிடுவது பல இடங்களில் மழைவெள்ளம். கிழக்கு ஆஸ்திரேலியாவின் கழிமுகங்களில் இதைத் துல்லியமாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சதுப்பை வடித்து வயலாக்கியபோது அடிமண்ணில் உறங்கிய பைரைட் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமானது, கனமழை அதைக் கழுவி ஆற்றில் விட்டது, மடவை மீனின் தோல் வெந்தது, புண் வந்தது. குட்டநாட்டின் கரி நிலமும் அதே வகை அமில மண்தான். மழை நின்று வெகுநாள் கழித்து வலையில் சிக்கும் புண் மீனுக்கும், முன்பு அடித்த வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் மறைந்து கிடக்கிறது. 2018 கேரள வெள்ளம் இன்னொரு விதத்தில் நீடித்த கேட்டைச் செய்தது: பண்ணைக் குளங்கள் உடைந்து, அமேசான் நதியின் அரபைமா போன்ற ராட்சத மீன்கள் ஆறுகளுக்குள் போய்விட்டன. அவற்றைத் திரும்பக் கூப்பிட முடியாது.

சென்னைக்கு வந்தால் கதை சுருக்கம், நாற்றம் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்ற படங்களைப் பார்த்தோம். அலையாத்திச் செடிகளின் வேரில் எண்ணெய் அப்பிக்கொண்டது. அதை அள்ளியது யார்? பெரும்பாலும் எண்ணூர் மீனவர்கள்தான், பக்கெட்டும் மக்கும் வைத்துக்கொண்டு. எண்ணெய் செவுளை அடைப்பது கண்ணுக்குத் தெரியும் கேடு. அதிலிருந்து நீரில் கரையும் சேர்மங்கள் முட்டைக்குள் வளரும் கருவின் இதயத்தையே கோணலாக்கும் என்பது அலாஸ்காவில் நேர்ந்த பெரிய எண்ணெய்க் கசிவு ஒன்றுக்குப் பின் நடந்த ஆய்வுகளில் நிறுவப்பட்டது. அந்தக் குஞ்சு பொரியும், நீந்தும், ஆனால் வலுவாக வளராது. இறந்த மீனை எண்ணலாம். பிறக்காத மீனை எந்தக் குழு எண்ணும்?

நம் ஆறுகள் பலவற்றின் இயல்பே இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் வெள்ளச் சமவெளியில் இலை கிடந்தது. நமக்கோ ஆற்றின் நடுவயிற்றிலேயே சாக்கடைச் சேறும் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் கிடக்கின்றன. ஆண்டில் பல மாதம் வைகையில் மதுரைக்குள் ஓடுவது ஊர்க் கழிவுநீர். கூவம், அடையாறு முகத்துவாரங்களைக் கோடையில் மணல் மேடு அடைக்கிறது. நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்கு உதவாமலே போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. இப்படிப்பட்ட ஆற்றில் பெருவெள்ளத்தைவிட முதல் மழையின் சிறு வெள்ளமே மீனுக்கு மோசம். பெருவெள்ளத்தில் நஞ்சு நீர்த்துப்போகும், கடலுக்குத் தள்ளப்படும், முகத்துவாரம் திறக்கும். அரையும் குறையுமாக வரும் முதல் நீர், சேற்றைக் கிளப்பத்தான் போதும். கொண்டுபோய்ச் சேர்க்கப் போதாது. அக்டோபர் முதல் மழைக்குப் பிறகு ஏரியிலோ முகத்துவாரத்திலோ மீன் செத்து மிதக்கும் செய்தி வருகிறதென்றால், அது தற்செயல் இல்லை. "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். கலந்தவர்கள் நாம் எல்லோரும்தான். எட்டு மாதமாகக் கலந்துகொண்டிருந்தோம்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களை நான் இங்கே அடுக்கப் போவதில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தலைமுறைக்கு வாய் வலித்துவிட்டது. சின்ன வேலைகளைச் சொல்கிறேன். ஷட்டரை ஒரே மூச்சில் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால், கிளம்பும் அடிநீர் நல்ல நீரில் கலந்து போகும். மழைக்கு முன் ஒரு மாதம் முகத்துவாரத்தையும் ஷட்டரின் பின்பக்கத்தையும் தூர்வாரி, வாரிய சேற்றைக் கரையிலேயே குவிக்காமல் அப்பால் கொண்டுபோனால் சுமை பாதியாகும். கரையிலேயே குவிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. முதல் மழையிலேயே அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், அடுத்த வருடமும் ஒப்பந்தம் விடலாம். வெள்ளத்தில் கரையேறிய மீன் வடியும்போது திரும்ப வழியாக, தடுப்பணைகளில் மீன் ஏணிக்கும் மதகுக்கும் இடம் விட வேண்டும். இதெல்லாம் நடக்க முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த நாளில், எந்த இடத்தில் நீர் மூச்சுத்திணறுகிறது?

அதுதான் நமக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் அதிகபட்சம் விநாடிக்கு 29,000 கனஅடி என்று அரசுக் கணக்கு. சென்னையில் ஆட்டோ ஓட்டுநரைக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வார். மேட்டூருக்கு இன்று எத்தனை கனஅடி வருகிறது என்பது டீக்கடைப் பேச்சு. அந்த நீரில் ஆக்சிஜன் எத்தனை மில்லிகிராம் என்று எந்தச் செய்தியிலும் நான் கேட்டதில்லை. அளவு மட்டும் தெரிந்து தரம் தெரியாமல் ஆற்றை நிர்வகிக்கிறோம். மழைக்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் நீர்வரத்து அறிவிப்பில் நீர்வளத் துறை இன்னும் ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கட்டும்: முக்கியமான ஷட்டர்களுக்கும் முகத்துவாரங்களுக்கும் கீழே, விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்த கரைந்த ஆக்சிஜன் அளவு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாளில் மட்டும் எடுத்துப் பயனில்லை. வடியத் தொடங்கியபின் மூன்று வாரமாவது எடுக்க வேண்டும். கீழே கூண்டு கட்டியிருப்பவர், எண் நாலைத் தொடும்போதே ஏரேட்டரைப் போட்டுவிடுவார், அல்லது மீனை அறுவடை செய்துவிடுவார்.

துறை அதைத் தொடங்கும்வரை இந்தக் கல்லூரி காத்திருக்க வேண்டியதில்லை. விலங்கியல் துறையிலும் வேதியியல் துறையிலும் வின்க்ளர் புட்டி இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து ஆற்றங்கரைக்கு வருவதற்கு முன்வரிசையில் மீனவ நண்பர்கள் இருக்கிறார்கள். வருகிற ஐப்பசி முதல் மழையிலிருந்து கார்த்திகை முடியும்வரை, ஆளுக்கு ஒரு பாலம் என்று பிரித்துக்கொண்டு, தினமும் ஓர் அளவு எடுத்து ஊர் மீனவர் சங்கத்தின் பலகையில் எழுதுங்கள். கனஅடிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் பேச வருபவருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து உதாரணம் எடுக்கும் வேலை இருக்கக் கூடாது என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.